செம்பனை மில் கழிவு: குளத்து வாயுவா, வெறுங்குலையா, ஓடா?

குளுவாங், பகாவ் பக்கத்துத் தோட்டப் பட்டணங்களில் காற்று திரும்பினால் செம்பனை மில்லின் கழிவுநீர்க் குளத்து வாடை வீட்டுக்குள் வரும். 2050-இல் நிகரச் சுழியம் (வெளியேறும் கரியமில வாயுவும் உறிஞ்சப்படுவதும் சமமாவது) என்ற மலேசியாவின் இலக்குக்கு முதலில் கவனிக்க வேண்டியது அந்தக் குளத்தைத்தான்.

100 டன் செம்பனைக் குலை அரைத்தால் சுமார் 65 கன மீட்டர் கழிவுநீர், 22 டன் வெறுங்குலை (பழம் உதிர்த்த குலை), 13 டன் நார், 6 டன் ஓடு (கொட்டையின் ஓடு) மிஞ்சும்.

அந்தக் கழிவுநீர் திறந்த குளத்தில் அழுகினால் ஏறக்குறைய 780 கிலோ மீத்தேன் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 27 மடங்கு சூடேற்றும். ஆக 21 டன் கரியமில வாயுவுக்குச் சமம். குளத்தை மூடி, வாயுவை எஞ்சினில் எரித்தால் 3,600 யூனிட் மின்சாரம் வரும். வெளி மின்சாரத்துக்குப் பதிலாக அது மிச்சப்படுத்துவதோ 2, 3 டன்தான். எஞ்சின் வாங்கக் காசில்லாத மில், மூடி போட்டு வாயுவைக் கொளுத்தி விட்டாலே பெரும்பங்கு வேலை முடிந்துவிடும். மின்சார வருமானத்தை மட்டும் பார்த்துத் திட்டத்தைக் கைவிடுகிறவர்களுக்கு இது ஏனோ உறைப்பதில்லை.

கெடுவது எங்கே? 80 டிகிரிக்கு மேல் வரும் நீரை 40-க்குக் கீழே ஆற்றாமல் விட்டால் மீத்தேனை உண்டாக்கும் கிருமிகள் செத்துப்போகும். ஹைட்ரஜன் சல்பைடைக் கழுவி எடுக்காவிட்டால் எஞ்சின் ஆயில் அமிலமாகி பேரிங் அரிக்கும். மூடியின் ஓரத்தில் 5 விழுக்காடு கசிந்தால் 1 டன் போச்சு; மின்சாரத்தால் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே காலி. அடியில் சேறு ஏறினால் குளத்தின் கொள்ளளவும் குறையும்.

வெறுங்குலையின் எடையில் 65 விழுக்காடு தண்ணீர். கிழித்துப் பிழிந்து 50-க்குக் கீழே கொண்டுவராமல் பாய்லரில் போட்டால் புகைதான். சாம்பலிலுள்ள பொட்டாசியம் உருகிக் குழாய்களில் கட்டியாக ஒட்டும். பாய்லரை நிறுத்திக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். அதே பொட்டாசியம் தோட்டத்துக்குத் திரும்பினால் உரச் செலவு குறையும். ஆகவே எங்கள் தேர்வு மண்தான்: ஹெக்டருக்கு ஆண்டுக்கு 40 டன் அளவில், ஒற்றை அடுக்காக. லோரியிலிருந்து கொட்டிய குவியலை அப்படியே விட்டால் செம்பனைக் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடும்; அடியில் காற்றில்லாமல் அழுகி அதுவும் மீத்தேன் விடும்.

ஓடு காய்ந்த சரக்கு. ஜப்பானிய மின்நிலையங்கள் வாங்குவதால் நல்ல விலை உண்டு, விற்கலாம். ஆனால் மழைக்காலத்தில் பாய்லரில் எரிக்கும் நார் ஈரமாகி நீராவி அழுத்தம் இறங்கும்போது கைகொடுப்பதும் அதே ஓடுதான். மொத்தத்தையும் விற்றுவிட்டு டீசல் ஜெனரேட்டர் ஓட்டுவது வீண்செலவு, கரியமில வாயுவும் கூடும்.