1992 வெம்ப்ளி ஆரஞ்சு ஜெர்சி: பெப் ரசிகர்கள் வாங்கலாமா?

பார்சிலோனா 1992-ல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டத்தில் போட்ட ஆரஞ்சு ஜெர்சியின் ரெட்ரோ பிரதி, ஆன்லைனில் 1,400 ரூபாய். தாராளமா வாங்கலாம், ஆனால் முதுகில் என்ன எண் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பிறகு பயிற்சியாளர் ஆன, அன்றைக்கு பார்சிலோனாவுக்கு ஆடிய பெப் கார்டியோலா என்றாலே 4 என்று நினைத்து, மேலே பெயரையும் அச்சடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு 4 போட்டவர், கூடுதல் நேரத்தில் ஃப்ரீ கிக்கில் அந்த ஒரே கோலை அடித்த கூமன். 21 வயது கார்டியோலாவின் எண் 10. யார் முதுகிலும் பெயர் கிடையாது, நெஞ்சில் விளம்பரமும் கிடையாது. எனக்கு வந்தது வெறும் 10, அப்படியே சரி.

துணி கொஞ்சம் தடிமன், சென்னை வெயிலில் போட்டு விளையாட முடியாது, ராத்திரி மேட்ச் பார்க்க நன்றாக இருக்கும். கிளப் சின்னம் தையல் வேலை, நூல் பிரியவில்லை. எண் ஒட்டியது, அதனால் உள்பக்கம் திருப்பித் துவையுங்கள், அதன்மேல் இஸ்திரி போடாதீர்கள். தோளில் பிடிக்கிறது, ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்.

மேனேஜர் பெப்பை மட்டும் தெரிந்தவர்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். வேகமும் இல்லை, உடல் பலமும் இல்லை, அந்த ஒல்லிப் பையனை அப்போதைய பார்சிலோனா பயிற்சியாளர் கிராய்ஃப் டிஃபென்ஸுக்கு முன்னால் நிறுத்தினார், பந்து வருவதற்கு முன்பே அடுத்த பாஸ் எங்கே என்று அவனுக்குத் தெரியும் என்பதற்காக. பெப் பயிற்சியாளர் ஆனதும் முதலில் தேடியது அதே இடத்துக்கான ஆளைத்தான்: 2008-ல் பார்சிலோனா பி அணியிலிருந்து புஸ்கெட்ஸைக் கூட்டி வந்தார், பிறகு ஜெர்மனியின் பேயர்னில் உலகத்தரமான ரைட் பேக் லாமையே நடுவில் ஆடவைத்தார். மான்செஸ்டர் சிட்டி மேனேஜராக 2021-ல் போர்ட்டோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில், அதே இடத்தில் ஆடும் ரோட்ரி, ஃபெர்னாண்டின்யோ இருவரையும் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு செல்சியிடம் 1-0 தோற்றது எனக்கு இன்னும் ஆறவில்லை, அந்த இடத்தின் அருமை அவரைவிட யாருக்குத் தெரியும்! அப்புறம் 2023 இஸ்தான்புல் இறுதியில் சிட்டிக்காக இன்டருக்கு எதிரான ஒரே கோலை அடித்தது அதே ரோட்ரி.

சிட்டி ஜெர்சி ஏற்கெனவே வைத்திருந்தால் அடுத்தது இதை வாங்குங்கள். குழந்தைகள் சைஸ் இப்போதைக்கு இல்லை, என் மகனுக்காகக் கேட்டு எழுதியிருக்கிறேன்.