ஏற்றத்தில் ஏ.சி. ‘கட்’ ஆவதைப் பழுது என்று சொல்லிப் பணம் பறிக்கிறார்கள்

சேலத்தில் உள்ள ஓர் ஏ.சி. ஒர்க்‌ஷாப், என் காரில் இல்லாத பழுதைச் சரிசெய்வதாகச் சொல்லி 4,400 ரூபாய் வாங்கிக்கொண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏ.சி.யை ஆபத்தான நிலையில் திருப்பிக் கொடுத்தது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். அவர்கள் கையாண்ட வழி எந்த ஊரிலும் எடுபடக்கூடியது என்பதால் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

என்னுடையது 1 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட சிறிய கார். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில், வளைவைத் தாண்டி ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதிக்கும்போதெல்லாம், காற்றின் வேகம் மாறாமல் குளிர்ச்சி மட்டும் சில நொடிகள் குறைந்து, காலைத் தளர்த்தியதும் திரும்ப வரும். இதைச் சொன்னவுடன், ஒர்க்‌ஷாப் பொறுப்பாளர் பானெட்டைக்கூடத் திறக்காமல், “கம்ப்ரசர் வீக் ஆயிடுச்சு சார், முதல்ல கேஸ் போட்டுப் பாப்போம்” என்றார். அதற்கு 2,800 ரூபாய்.

உண்மையில் அது கார் வடிவமைக்கப்பட்ட விதம். ஏ.சி. கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசரை எஞ்சின்தான் பெல்ட் வழியாகச் சுழற்றுகிறது. சிறிய காரில் அதற்கு ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு குதிரைத்திறன் செலவாகும். விளம்பரத்தில் 67 குதிரைத்திறன் என்று போட்டிருந்தாலும், அது எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்றுகளை ஒட்டிச் சுழலும்போது கிடைப்பது. ஏற்றத்தில் 2,000 சுற்றில் திணறும்போது அதே எஞ்சின் இருபது சொச்சம்தான் தரும், அதில் மூன்றைக் கம்ப்ரசர் எடுத்துக்கொண்டால் வண்டி இழுக்காது. எனவே ஆக்சிலரேட்டர் முழுவதும் மிதிபட்டிருப்பதை சென்சார் மூலம் அறியும் ஈ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), ரிலே என்ற மின்சுவிட்சை விடுவித்து, கம்ப்ரசரைப் பெல்ட்டின் சுழற்சியோடு இணைக்கும் மின்காந்த கிளட்ச்சைச் சில நொடிகள் துண்டிக்கிறது. ஈ.சி.யு. இல்லாத பழைய கார்கள் சிலவற்றில், எஞ்சினுக்குள் காற்று செல்லும் குழாயின் வெற்றிடம் குறைவதைக் கொண்டு இயங்கும் ஒரு சுவிட்ச் இதே வேலையைச் செய்தது.

கேஸ் நிரப்பியபின் நிலைமை மோசமானது. அதுவரை மலையில் மட்டும் நின்ற கம்ப்ரசர், இப்போது சேலம் ஐந்து ரோடு சிக்னலில் வெயிலில் நிற்கும்போதும் நின்றது. பானெட்டின் அடியில் ஒட்டப்பட்ட லேபிளில் எத்தனை கிராம் என்று தெளிவாக இருக்க, இவர்கள் எடை பார்க்காமல் சிலிண்டரிலிருந்து நேரடியாக ஏற்றியிருக்கிறார்கள்; அளவுக்கு மீறிய கேஸால் அழுத்தம் உயர, அழுத்த சென்சார் கம்ப்ரசரை நிறுத்தியது. இதைப் பின்னர் வேறொரு இடத்தில்தான் தெரிந்துகொண்டேன். முதல் கடையோ அதையே சான்றாகக் காட்டி, “நான் சொன்னேன்ல சார், கம்ப்ரசரே போச்சு” என்று 24,000 ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்தது. நான் மறுத்ததும், “அப்ப கட் ஆகாம டைரக்ட் பண்ணித் தர்றேன்” என்று இன்னொரு 1,600 ரூபாய் வாங்கினார்கள்.

இந்த ‘டைரக்ட்’ என்ற சொல்லைக் கேட்டால் உடனே சாவியைத் திரும்ப வாங்கிவிடுங்கள். ப்ளோயருக்குப் போகும் மின்சாரத்திலிருந்து ஒரு வயரைப் பிரித்துக் கிளட்ச்சுக்கு நேராகக் கொடுத்துவிட்டார்கள். ஏ.சி. பட்டனை அணைத்து வெறும் ஃபேனை ஓட்டியபோதும் குளிர்காற்று வந்ததில்தான் எனக்குச் சந்தேகம் எழுந்தது. கம்ப்ரசர் ஓடுவதே ஈ.சி.யு.வுக்குத் தெரியாததால், அது ஐடிலிங்கை (வண்டி நிற்கும்போது எஞ்சின் சுழலும் வேகத்தை) உயர்த்தவில்லை, வண்டி சிக்னலில் குலுங்கியது. ரேடியேட்டர் ஃபேனையும் இயக்கவில்லை. எஞ்சின் சூடேறினாலும், உள்ளே குளிர்ச்சுருளில் பனி உறைந்தாலும், அழுத்தம் எல்லை கடந்தாலும் கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய பாதுகாப்புகள் அத்தனையும் அந்த ஒற்றை வயரால் செயலிழந்தன. கடைசியில் நெரிசலில் நின்றிருந்தபோது பானெட்டுக்குள்ளிருந்து பெரும் சீற்றத்துடன் வெண்புகை வந்தது. கம்ப்ரசரில் உள்ள பாதுகாப்பு வால்வு திறந்து கேஸை வெளியேற்றியிருக்கிறது. அதுவும் வேலை செய்யாமல் போயிருந்தால் குழாயே வெடித்திருக்கக்கூடும்.

இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் வயரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, வாக்கம் செய்து (குழாய்களில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), லேபிளில் உள்ள எடைக்குக் கேஸும் குறைந்திருந்த ஆயிலும் ஏற்றினார்கள். ஸ்கேனரை மாட்டி என்னையே அருகில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டியது பாராட்டத்தக்கது: ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்த கணத்தில் திரையில் ஏ.சி. ரிலே ‘ஆஃப்’ என்று மாறி, காலை எடுத்ததும் ‘ஆன்’ ஆனது. ‘வீக்’ என்று சொல்லப்பட்ட அதே கம்ப்ரசர்தான் இன்றும் ஓடுகிறது.

உங்கள் காரிலும் முழு ஆக்சிலரேட்டரில் மட்டும் குளிர் குறைந்து, காலைத் தளர்த்தியதும் திரும்புகிறது என்றால் எந்தச் செலவும் தேவையில்லை. சமதளத்தில் சீரான வேகத்தில் போகும்போதும் குளிரவில்லை என்றால் அது வேறு விஷயம். கேஸ் கசிவு இருக்கலாம், கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் போடுவது வீண். நீண்ட நேரம் ஓடிச் சூடான பிறகு நின்று, ஆறிய பின்புதான் மீண்டும் ஓடுகிறது என்றால் கிளட்ச் தட்டின் இடைவெளி தேய்ந்து கூடியிருக்கலாம். பல மாடல்களில் உள்ளிருக்கும் மெல்லிய வளையம் ஒன்றை எடுத்தாலே இடைவெளி சரியாகிவிடும், கம்ப்ரசரை மாற்றத் தேவையில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “கட் ஆகக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க” என்று பதில் வந்தது. அவர்கள் கொடுத்த பில்லில் ‘ஏ.சி. சர்வீஸ்’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஏற்றிய கேஸின் எடையும், வயரிங் மாற்றமும் எழுதப்படவில்லை. நல்லவேளையாக, இரண்டாவது கடை வயரைப் பிரிக்கும் முன் படங்கள் எடுத்து, கண்டதை எழுத்திலும் கொடுத்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவுசெய்துவிட்டேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை.