பெயர்ப்பலகை மாறியது, சரக்கு மாறியதா? மைக்ரோசாஃப்ட் 365 திட்டங்கள் பற்றி ஒரு மதிப்புரை

அலுவலக மென்பொருள்களைச் சந்தாவாகத் தரும் மைக்ரோசாஃப்ட் 365இன் உரிமங்களைப் புதுப்பிக்கும் வேளையில் விற்பனை முகவர் ஒருவர் அனுப்பிய விலைப்புள்ளியில் ‘பிசினஸ் பிரீமியம், 40 பயனர்கள்’ என்று ஒற்றை வரி இருந்தது. தொகையைச் சரிபார்ப்பதற்கு முன்னால் அது எந்தப் பிசினஸ் பிரீமியம் என்று கேட்க வேண்டியிருந்தது. அவருக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. இந்தப் பெயர்களின் வரலாறு தெரிந்தவர்கள் அதற்காக அவரை அதிகம் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

2020 ஏப்ரல் 21 வரை ‘ஆஃபீஸ் 365 பிசினஸ் பிரீமியம்’ என்பது வேர்டு, எக்செல், மின்னஞ்சல், டீம்ஸ், ஒன்டிரைவ் ஆகியவை அடங்கிய திட்டத்தைக் குறித்தது. அன்று அது ‘மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் ஸ்டாண்டர்டு’ ஆனது. அதுவரை ‘மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ்’ என்று மட்டும் அழைக்கப்பட்டு வந்ததும், இன்ட்யூன் வழியாக அலுவலகக் கணினிகளையும் கைபேசிகளையும் நிர்வகிக்கும் வசதியைக் கொண்டதுமான மேல்நிலைத் திட்டத்துக்கு, அதே நாளில் ‘மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம்’ என்று பெயர் சூட்டப்பட்டது. ஆக, பிரீமியம் என்ற சொல் ஒழியவில்லை. ஒரு படி மேலே ஏறி வேறொரு பொருளின்மேல் உட்கார்ந்துகொண்டது. பழைய கோப்பில் ‘நம்மிடம் பிரீமியம் இருக்கிறது’ என்று எழுதி வைத்திருக்கும் நிறுவனம், தன்னிடம் இன்ட்யூன் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. ஒரு மடிக்கணினி தொலைந்துபோகும் நாளில்தான் இல்லை என்பது தெரியவரும்.

இந்தக் குழப்பத்தை அவிழ்க்க உதவுவது விளம்பரப் பக்கமன்று, நிர்வாகிகள் பயன்படுத்தும் பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவியில் எடுக்கும் உரிமப் பட்டியல். அங்கே திட்டங்கள் விற்பனைப் பெயரில் தோன்றுவதில்லை, உட்குறியீட்டில் தோன்றுகின்றன. இன்றைய பிசினஸ் ஸ்டாண்டர்டின் குறியீடு இன்னமும் ‘ஓ365_பிசினஸ்_பிரீமியம்’ என்றே இருக்கிறது. இன்றைய பிசினஸ் பிரீமியத்தின் குறியீடு ‘எஸ்பிபி’. பெரிய நிறுவனங்களுக்கான மைக்ரோசாஃப்ட் 365 இ3 திட்டம் ‘எஸ்பிஇ_இ3’ என்று வரும். அதிலுள்ள ‘எஸ்பிஇ’ என்ற மூன்றெழுத்து, 2016இல் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டே கைவிடப்பட்ட ‘செக்யூர் புரொடக்டிவ் என்டர்பிரைஸ்’ என்ற பெயரின் எச்சம். பயனர்களின் அடையாளத்தைச் சரிபார்க்கும் சேவையான என்ட்ரா ஐடியின் பி1 உரிமத்துக்கு ‘ஏஏடி_பிரீமியம்’. பழைய வீட்டில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் முந்தைய வண்ணம் தெரிவதைப் போல, மாற்றப்பட்ட ஒவ்வொரு பெயரும் இந்தப் பட்டியலில் அப்படியே கிடக்கிறது. நிறுவனத்தின் பெயர்சூட்டும் பிரிவைவிட அதன் பொறியாளர்கள் நிதானமானவர்கள் என்று எனக்குத் தோன்றியது இங்கேதான்.

எல்லாப் பெயர்மாற்றத்தையும் குறைசொல்வது நியாயமாகாது. அஸூர் ஆக்டிவ் டைரக்டரியை (ஏஏடி) ‘மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி’ என்று மாற்றப்போவதாக 2023 ஜூலையில் அறிவிப்பு வந்தபோது நிர்வாகிகள் பலர் சலித்துக்கொண்டார்கள். ஆனால் உள்நுழைவு முகவரி மாறவில்லை, பிற செயலிகள் இதனோடு இணையும் ஏபிஐ மாறவில்லை, உரிமக் கட்டணமும் வசதிகளும் அப்படியே தொடர்ந்தன. நிறுவனத்தின் சொந்த சர்வரில் இயங்கும் விண்டோஸ் சர்வர் ஆக்டிவ் டைரக்டரியும் மேகத்தில் இயங்கும் இந்தச் சேவையும் அடிப்படையிலேயே வெவ்வேறானவை. முன்னது கணினிகளை ஒரு டொமைனில், அதாவது ஒரே நிர்வாகத்தின்கீழ் வரும் வலையமைப்பில், சேர்த்துக் குழுக் கொள்கைகளால் ஆள்வது, பின்னது இணையச் செயலிகளுக்கான அடையாளச் சரிபார்ப்பு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்ததுதான் தவறு. ஏறத்தாழ அதே காலத்தில் பழைய பவர்ஷெல் தொகுப்புகளும் வழக்கொழிந்தவையாக அறிவிக்கப்பட்டு, ஸ்கிரிப்டுகளை மைக்ரோசாஃப்ட் கிராஃப் என்ற இடைமுகத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வேலைப்பளுவின் பழியைப் பெயர்மாற்றத்தின் தலையில் கட்டுவது சரியில்லை.

மாறாக, 2025 ஜனவரியில் ஆஃபீஸ் முகப்புச் செயலிக்கு ‘மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட்’ என்று பெயரிட்டதை எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை. தனிக்கட்டணம் செலுத்திப் பெறவேண்டிய செயற்கை நுண்ணறிவு உரிமத்துக்கும் அதே பெயர்தான். செயலியைத் திறந்த ஊழியர் தமக்கு அந்த உரிமம் வழங்கப்பட்டுவிட்டதாக எண்ணினால், அது அவருடைய பிழையன்று.

கூகுள் பக்கம் பெயர்கள் குறைவு. ஆனால் பெயரோடு சரக்கும் மாறுவது அங்கும் உண்டு. மின்னஞ்சலும் அலுவலகச் செயலிகளும் அடங்கிய, 2016இல் ஜி சூட் ஆன கூகுள் சேவை 2020 அக்டோபரில் கூகுள் வொர்க்ஸ்பேஸ் ஆனது. ஜி சூட் பிசினஸில் ஐந்து பயனர்களும் அதற்கு மேலும் இருந்தால் சேமிப்பிடத்துக்கு வரம்பு இருக்கவில்லை. வொர்க்ஸ்பேஸின் பிசினஸ் ஸ்டாண்டர்டு பயனருக்கு 2 டெராபைட் என்ற கணக்கோடு வந்தது. பிசினஸ் திட்டங்களுக்கு 300 பயனர் என்ற உச்சவரம்பும் வந்தது. காணொளிக் கோப்புகளைக் குவித்து வைத்திருந்த நிறுவனங்களுக்கு இதை வெறும் பெயர்மாற்றம் என்று சொல்லிவிட முடியாது. எஸ்ஏபி நிறுவனத்தின் எஸ்/4ஹானா மறுமுனை: 2015இல் வந்த அதை, கணக்கு, கொள்முதல் போன்றவற்றை ஒருங்கே நிர்வகிக்கும் பழைய ஈஆர்பி மென்பொருளின் புதுப்பெயர் என்று எண்ணுவோர் உண்டு, ஆனால் அது ஹானா தரவுத்தளத்தில் மட்டுமே இயங்குவது, கணக்குப் பதிவுகளின் அட்டவணை அமைப்பே மாற்றி எழுதப்பட்டது.

திட்டங்களின் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை மைக்ரோசாஃப்ட் 365இல் எனக்குப் பெரிய குறையில்லை. குறையெல்லாம், வாங்குகிறவர் தாம் வாங்குவது இன்னதென்று அறிய இவ்வளவு தோண்ட வேண்டியிருப்பதில்தான்.

குறியீட்டையும் சேர்த்து எழுதுமாறு கேட்டபின் முகவரிடமிருந்து வந்த இரண்டாவது விலைப்புள்ளியில் ‘எஸ்பிபி’ என்று இருந்தது. நாற்பது பேரில் அலுவலகக் கருவிகளை வெளியே எடுத்துச் செல்பவர்கள் பன்னிரண்டு பேர்தான். மற்ற இருபத்தெட்டுப் பேருக்கும் ஸ்டாண்டர்டு போதுமென்று திருப்பி எழுதியிருக்கிறோம்.