ஸ்மோர்ஸ் குக்கீ: மார்ஷ்மெல்லோ உள்ளேயா, மேலேயா?

வாட்டிய மார்ஷ்மெல்லோவையும் சாக்லேட்டையும் பிஸ்கட்டுக்கு நடுவே வைத்துச் சாப்பிடும் அமெரிக்க இனிப்புதான் ஸ்மோர்ஸ். அதையே குக்கீயாக்கும்போது சொதப்பினால் பலரும் மாவைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தப்பு மார்ஷ்மெல்லோ மீது. அதுவும் அதை எப்போது ஓவனுக்குள் விட்டோம் என்பதில்தான் இருக்கிறது. 175 டிகிரி செல்சியஸில் 50 கிராம் மாவு உருண்டை வேக 10, 11 நிமிடம் ஆகும். அதே சூட்டில் மார்ஷ்மெல்லோவுக்கு 2, 3 நிமிடமே போதும். அதற்கு மேல் போனால் உருக்குலைய ஆரம்பித்துவிடும்.

காரணம் எளிது. மார்ஷ்மெல்லோ என்பது சர்க்கரை, கார்ன் சிரப், ஜெலட்டின் மூன்றையும் காற்றோடு அடித்து நிறுத்திய நுரை. அந்த நுரையைப் பிடித்து வைத்திருக்கும் ஜெலட்டின் ஏறக்குறைய 35 டிகிரியிலேயே இளகிவிடும். சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து மார்ஷ்மெல்லோ முதலில் புஸ்ஸென்று உப்பும். பிறகு சுவர் கரைந்து காற்று வெளியேறி, வெறும் சர்க்கரைப் பாகு மிஞ்சும். அந்தப் பாகு தட்டில் வழிந்தால் கருகி ஒட்டிக்கொள்ளும்.

அமெரிக்கப் பெண் சாரணர் இயக்கத்தின் 1927-ஆம் ஆண்டுக் கையேட்டிலேயே ஸ்மோர்ஸ் செய்முறை உண்டு. மார்ஷ்மெல்லோவைக் குச்சியில் செருகி நெருப்பில் தனியாக வாட்டுவார்கள். அது பொன்னிறமான பிறகுதான் சாக்லேட்டோடு இரண்டு கிரகாம் பிஸ்கட்டுக்கு (தவிட்டோடு அரைத்த கோதுமையில் செய்யும் அமெரிக்க பிஸ்கட்) நடுவே போகும். அங்கே மார்ஷ்மெல்லோவுக்குத் தனி நெருப்பு, தனி நேரம். குக்கீயாக மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே தட்டில், ஒரே நேரத்துக்கு உள்ளே தள்ளுகிறோம். கீழே வரும் முறைகளையெல்லாம் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோடலாம்: மார்ஷ்மெல்லோவுக்கு அதற்கான நேரம் மட்டும் கிடைக்கிறதா?

அடிப்படை மாவு

ஒப்பிட வேண்டுமென்றால் மாவு மாறக்கூடாது. 13, 14 குக்கீக்கான அளவு இது:

உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம்
பிரவுன் சுகர் 120 கிராம், வெள்ளைச் சர்க்கரை 50 கிராம்
முட்டை 1, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு
வனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன்
மைதா 150 கிராம், கிரகாம் பிஸ்கட் தூள் 60 கிராம்
சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், பட்டைத் தூள் கால் டீஸ்பூன்
சாக்லேட் துண்டுகள் 120 கிராம்

வெண்ணெயை உருக்கி, விரல் வைத்தால் சுடாத பதத்துக்கு ஆறவிடுங்கள். இரண்டு சர்க்கரையையும் போட்டு ஒரு நிமிடம் அடித்து, முட்டை, மஞ்சள் கரு, வனிலா சேருங்கள். உலர்ந்த பொருட்களைக் கரண்டியால் மடித்துக் கலந்து, மாவு கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். சாக்லேட்டைச் சேர்த்து ஃபிரிட்ஜில் குறைந்தது ஒரு மணி நேரம் வையுங்கள். இந்த ஓய்வு முக்கியம். பிஸ்கட் தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெண்ணெய் இறுகும், குக்கீ அப்பளமாகப் பரவாது.

ஓரம் இறுகி, நடுப்பகுதி இன்னும் பச்சையாகத் தெரியும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். தட்டிலேயே 10 நிமிடம் விட்டால் மீதி வேக்காடு தானாக நடக்கும். நடுவும் வெந்து தெரியும்வரை ஓவனில் வைத்திருந்தால், ஆறிய பிறகு கையில் இருப்பது பிஸ்கட்.

மாவோடு கலப்பது

குட்டி மார்ஷ்மெல்லோவை 60 கிராம் எடுத்து மாவில் கலந்து உருட்டுவது. வேலை குறைவு என்பதால் அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது இதைத்தான், அதிகம் பேர் ஏமாறுவதும் இதில்தான். வெளிப்பக்கம் தெரியும் மார்ஷ்மெல்லோ உருகித் தட்டில் வழிந்து குக்கீயைச் சுற்றிப் பழுப்பு வலை பின்னும். உள்ளே இருப்பது மாவோடு கரைந்து, அந்த இடத்தில் சின்னச் சின்னப் பொந்தாகும். 'மார்ஷ்மெல்லோ எங்கே?' என்று கேட்பார்கள்.

ஆனால் இதை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. கரைந்த பாகு குக்கீக்குள் டாஃபிபோல இறுகும். மென்று தின்னும் தன்மை இந்த முறையில்தான் அதிகம், மறுநாளும் அப்படியே இருக்கும். இதைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால், மார்ஷ்மெல்லோவை இரண்டு மணி நேரம் ஃபிரீசரில் வைத்த பிறகு கலக்குங்கள். உருட்டும்போது வெளியே துருத்துவதை உள்ளே அழுத்தி மாவால் மூடுங்கள். பேக்கிங் பேப்பர் கட்டாயம். வெளியே வந்த சூட்டோடு, குக்கீயைவிடச் சற்றுப் பெரிய வட்டக் கிண்ணத்தைக் கவிழ்த்து, குக்கீயைச் சுற்றி ஒரு சுழற்று சுழற்றினால் வழிந்த ஓரமெல்லாம் உள்ளே ஒதுங்கிவிடும். ஒரு நிமிடம் தாமதித்தால் பாகு இறுகிவிடும், பிறகு நகராது.

நடுவில் பொதிவது

வெட்டினால் இழை இழையாக நீளும் வெள்ளை நடுப்பகுதி: படத்துக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. தட்டில் வைத்து ஐந்து நிமிடத்தில் சாப்பிடுவதாக இருந்தால் அருமை. ஆறிவிட்டால் கதை வேறு. மார்ஷ்மெல்லோ உப்பி மாவைத் தூக்கிவிட்டுப் பிறகு வற்றிப்போவதால், மேலே கூரை, நடுவே வெற்றிடம், அடியில் மெல்லிய பிசுக்கு என்று நின்றுவிடும்.

முழுப் பெரிய மார்ஷ்மெல்லோவை வைப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் பிழை. பாதி போதும். எண்ணெய் தடவிய கத்தரிக்கோலால் வெட்டி உறையவைத்து, 60 கிராம் மாவுக்குள் வையுங்கள். அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிடத் தடிமனாக இருக்கட்டும், ஏனென்றால் உருகியது கீழ்நோக்கித்தான் ஓட்டை தேடும். மாவை மூடிய மூட்டு மேலே வரும்படி தட்டில் வைத்து, 12, 13 நிமிடம் விடுங்கள்.

கடைசியில் மேலே வைப்பது

எங்கள் ஓட்டு இதற்கே. மார்ஷ்மெல்லோ இல்லாமல் குக்கீயை 8 நிமிடம் சுட்டு, வெளியே எடுத்து, பாதியாக வெட்டிய மார்ஷ்மெல்லோவை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி அழுத்தி, மறுபடி 2 நிமிடம். வெட்டிய பக்கம்தான் பிசுபிசுக்கும்; மற்ற பக்கங்களில் சோள மாவு தூவியிருப்பதால் அவை ஒட்டாமல் உருண்டு விழும். பக்கத்தில் ஒரு சாக்லேட் துண்டையும் பதித்துவிட்டால் எது எதென்று கண்ணுக்கே தெரியும்.

வாட்டிய வாசனை வேண்டுமா? அது இல்லாத ஸ்மோர்ஸ் என்ன ஸ்மோர்ஸ்! அதற்கு மேலே தீ வேண்டும். ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் மின் ஓவன்) மேலுள்ள சூடேற்றும் கம்பியை மட்டும் போட்டு 30 முதல் 60 விநாடி. கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும், பொன்னிறத்துக்கும் கரிக்கும் நடுவே பத்து விநாடிதான் இருக்கும். பேக்கிங் பேப்பரின் நீட்டிக்கொண்டிருக்கும் ஓரங்களை முன்பே வெட்டிவிடுங்கள், கம்பிக்கு அருகே போனால் பற்றிக்கொள்ளும். கையில் பிடிக்கும், தீ உமிழும் சமையல் டார்ச் இருந்தால் குக்கீயைக் காகிதத்திலிருந்து கம்பித் தட்டுக்கு மாற்றிய பிறகே தீயைக் காட்டுங்கள்.

குறையும் உண்டு. நாலைந்து மணி நேரத்தில் மேலுள்ள மார்ஷ்மெல்லோ ரப்பராகும். அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டும். மைக்ரோவேவில் 8 விநாடி காட்டினால் மறுபடி இளகும், அவ்வளவுதான் வைத்தியம்.

ஃபிளஃப் எனும் பாட்டில் மார்ஷ்மெல்லோ கிரீமைப் பற்றியும் கேட்பார்கள். அமெரிக்காவில் புகழ்பெற்ற மார்ஷ்மெல்லோ ஃபிளஃபில் ஜெலட்டின் கிடையாது, முட்டை வெள்ளைக்கரு. அதனால் ஆறினாலும் ரப்பராகாது. ஆனால் இறுகவும் செய்யாது: மாவில் கலந்தால் குக்கீ பரவி ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். ஒரு டீஸ்பூன் அளவு சொட்டுகளாக உறையவைத்து நடுவில் பொதிந்தால் மட்டும் பயனுண்டு. காலை உணவு சீரியல் பாக்கெட்டுகளில் வரும் உலர் மார்ஷ்மெல்லோ உருகவே உருகாது, இந்தப் போட்டியிலேயே சேர்த்தியில்லை.

கிரகாமுக்குப் பதில் என்ன?

கிரகாம் பிஸ்கட்டின் சுவை, தவிட்டோடு அரைத்த கோதுமையும் தேனும் சேர்ந்தது. நம் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதில் அதற்கு நெருக்கமானது டைஜெஸ்டிவ் பிஸ்கட். அதில் இனிப்பு கொஞ்சம் குறைவு, தேன் வாசனையும் இருக்காது. எனவே 60 கிராம் டைஜெஸ்டிவ் தூளுக்கு ஒரு டீஸ்பூன் தேன் சேர்த்து, பட்டைத் தூளை அரை டீஸ்பூனாக்கினால் பெரும்பாலானோர் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். மாரி பிஸ்கட் வேண்டாம். அதில் தவிடில்லை, மைதாவோடு மைதா சேர்த்த மாதிரிதான்.

பிஸ்கட்டே இல்லாமல் மைதாவில் 50 கிராமைக் கோதுமை மாவாக மாற்றலாமா? மாற்றலாம், ஆனால் நம் ஆட்டா நைஸாக அரைத்தது, தண்ணீரை அதிகம் இழுக்கும். பிஸ்கட் தூளை விட்டுவிட்டு மைதா 140, ஆட்டா 50 என்று வைத்து, ஆட்டாவை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்து ஆறவிட்டுச் சேர்ப்பது நல்லது.

இன்னொன்று: செய்முறையில் இல்லாதபோது 'சும்மா கொஞ்சம்' என்று பிஸ்கட் தூளை மேலதிகமாகப் போட்டால் குக்கீ வறண்டு உதிரும். தூளும் மாவுக் கணக்கில்தான் வரும். முழுவதையும் நைஸாகப் பொடிக்காமல் கால் பங்கை மிளகளவு நொறுக்காக விட்டால் வாயில் கிரகாம் தனியாகத் தெரியும்.

வெண்ணெயும் சர்க்கரையும்

உருக்கிய வெண்ணெயா, சர்க்கரையோடு நுரைக்க அடித்த வெண்ணெயா? மென்மையாக, மென்று தின்னும்படி வேண்டுமென்றால் உருக்கியதுதான். அடித்தால் காற்றேறி கேக் பக்கம் சாயும்.

பிரவுன் சுகரில் கவனம் தேவை. ஈரமாக, கையில் பிடித்தால் கட்டியாக நிற்பதுதான் நமக்குத் தேவை; அதிலிருக்கும் மொலாசஸ் (கரும்புச் சர்க்கரை எடுக்கும்போது மிஞ்சும் கருஞ்சாறு) ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதன் புளிப்பு சோடாவை வேலை செய்யவைக்கும். இங்கே அந்தப் பெயரில் விற்கும் பல பாக்கெட்டுகளில் இருப்பது பெரிய, உலர்ந்த டெமராரா எனும் பழுப்புச் சர்க்கரைப் பரல். மாவில் கரையாமல் நறநறக்கும். அதுதான் இருக்கிறதென்றால் மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி சலித்த நாட்டுச் சர்க்கரை கலந்தாலும் மென்மை வரும், வெல்ல வாசனை தூக்கலாக இருக்கும்.

சாக்லேட்டில் அமெரிக்க வழக்கம் பாலில் செய்த பார். மார்ஷ்மெல்லோவின் இனிப்போடு அது திகட்டும் என்பவர்கள் 50 முதல் 55 சதவீத டார்க் சாக்லேட்டுக்குப் போகலாம். பாதி பாதி கலப்பதே சரியான சமாதானம். சாக்லேட் சிப்ஸைவிடப் பாரை வெட்டிப் போடுவது மேல். சிப்ஸ் சூட்டிலும் வடிவம் குலையாதபடி செய்யப்படுவது, ஸ்மோர்ஸுக்கோ வழிய வேண்டும். 'காம்பவுண்ட்' என்று போட்டிருப்பதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. வாயில் மெழுகாகத் தங்கும்.

சைவம், முட்டையில்லாதது

சாதாரண மார்ஷ்மெல்லோவில் இருப்பது விலங்கு ஜெலட்டின், பாக்கெட்டில் பழுப்பு நிற அசைவக் குறி இருக்கும். ஹலால் வகைகளில் மாட்டு ஜெலட்டின் அல்லது மீன் ஜெலட்டின் வரும். மீன் என்றால் இன்னும் சீக்கிரம் இளகும், மேலே வைக்கும் நேரத்தை ஒன்றரை நிமிடமாகக் குறையுங்கள். பச்சைக் குறியோடு வருபவற்றில் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அல்லது காரஜீனன். அகர் ஜெல் உருக 85 டிகிரி வேண்டும் என்பதால் அது ஜெலட்டின் வகைபோல் இழையாக நீளாது, மேலே வாட்டினால் நிறம் மட்டும் வரும். அதனால் சைவ மார்ஷ்மெல்லோவுக்கு நடுவில் பொதியும் முறையைத் தவிர்த்துவிடலாம். மேலே வைப்பதே பொருத்தம்.

முட்டைக்குப் பதில் தயிர் ஊற்றினால் குக்கீ கேக்காகும். கண்டென்ஸ்டு மில்க் 80 கிராமும் பால் ஒரு டேபிள்ஸ்பூனும் சேர்த்து, வெள்ளைச் சர்க்கரையை 15 கிராமாகக் குறைத்தால் மெல்லும் தன்மை கிடைக்கும்.

முன்கூட்டியே செய்து வைக்க வேண்டுமென்றால் குக்கீயைச் சுட்டு வைக்காதீர்கள். மார்ஷ்மெல்லோ சேர்க்காத மாவை உருண்டைகளாக ஃபிரீசரில் வையுங்கள், ஒரு மாதம் தாங்கும். உறைந்தபடியே ஓவனில் வைத்து, முதல் 8 நிமிடத்தை 10 ஆக்கி, அதன்பின் மார்ஷ்மெல்லோவை அழுத்துங்கள்.