மதுரை–போடி ரயில்: ஆரம்பத்திலிருந்து போய்வருபவனின் அனுபவம்

உத்தமபாளையத்துக்கு மாற்றலாகி வரும் நண்பர் ஒருவர் கேட்டார்: "மதுரையிலேயே வீடு வைத்துக்கொண்டு ரயிலில் போய்வர முடியுமா? நீங்கதான் ஆரம்பத்திலிருந்து அதில் போறீங்களே." போனில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

எனக்கு வீடு மதுரையில், வேலை தேனியில், சொந்த ஊர் சின்னமனூர். 2010 கடைசியில், பாதையை அகலமாக்குவதற்காக, பழைய மீட்டர் கேஜ் (குறுகிய பாதை) ரயிலை நிறுத்தினார்கள். அகலப்பாதையில் தேனி வரை மறுபடி ரயில் ஓடியது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூனில்தான். இடைப்பட்ட வருஷங்களில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று குலுங்கிக்கொண்டு போனவர்களுக்கு இந்த ரயிலின் அருமை தெரியும். காலை எட்டரை வாக்கில் மதுரையில் ஏறினால் பத்து மணிக்குள் தேனியில் இருக்கலாம். பஸ்ஸில் இந்த 75 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். 2024 தொடக்கத்தில் சாதாரண வண்டிகளின் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாயிலிருந்து 10 ரூபாய்க்குக் குறைத்த பிறகு டிக்கெட்டைப் பற்றிப் பேச ஒன்றுமே இல்லை.

இத்தனை நாள் போய்வந்தும் எனக்கு அலுக்காத இடம் ஒன்று உண்டு. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய். உசிலம்பட்டி வரை வெயில் காய்ந்த செம்மண்ணும் கருவேலமும்தான். அப்புறம் வண்டி வளைந்து மலைக்குள் நுழையும். அகலப்பாதைக்காகப் பாறையை வெட்டி அகலப்படுத்திய இடத்தில், வெடி வைக்கத் துளை போட்ட தடங்கள் பாறையில் செங்குத்தான கோடுகளாக இன்னும் அப்படியே இருக்கின்றன. வாசலில் நின்றால் ஒவ்வொன்றாகத் தெரியும். அதைத் தாண்டியதும் வேறு ஊர், வேறு காற்று. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று கம்பம் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி நேராக முகத்தில் அடிக்கும். ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகளை நட்டது சும்மா இல்லை. போகும்போது வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். கொடைக்கானல் மலைத்தொடர் தேனி வரை கூடவே வரும்.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். இந்தப் பகல் ரயில் திசை மாறி ஓடுகிறது. காலையில் மதுரையிலிருந்து தேனிக்குப் போகிறது, மாலை ஆறேகால் வாக்கில் தேனியிலிருந்து மதுரைக்குத் திரும்புகிறது. மதுரையிலிருந்து தேனிக்கு வேலைக்குப் போகும் என்னைப் போன்ற கொஞ்சம் பேருக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆனால் தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரை எதற்கு? ஆஸ்பத்திரிக்கு, கல்லூரிக்கு, ஹைகோர்ட் கிளைக்கு, மொத்தக் கடைக்கு. எல்லாமே காலையில் போய் மாலையில் திரும்பும் வேலை. அவர்கள் கிளம்பும் நேரத்தில் தேனியிலிருந்து வண்டி இல்லை. அவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் வண்டி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறது.

என் அம்மாவுக்கு மதுரையில் கண் சிகிச்சை நடக்கிறது. காலையிலேயே போனால்தான் டோக்கன். விடியுமுன் சின்னமனூரில் நின்றால், பஸ் கம்பத்திலிருந்தே நிரம்பி வரும். மருந்து விட்ட கண்ணோடு மாலையில் மறுபடி பஸ். அவர் தேனியைத் தாண்டி ஊருக்குப் போய்ச் சேரும் நேரத்தில், நான் எதிர்ப்பக்கமாகக் காற்று வாங்கியபடி ரயிலில் வருகிறேன். எனக்கு இது பொறுக்கவில்லை.

அடுத்தது, பாதை போய் முடியும் இடம். தேனியில் நான்கு வழிகள் பிரிகின்றன. கிழக்கே ஆண்டிபட்டி, மதுரை. வடகிழக்கே பெரியகுளம், வத்தலக்குண்டு, திண்டுக்கல். மேற்கே 15 கிலோமீட்டரில் போடி. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு, மூணாறு. தென்மேற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், குமுளி. முல்லைப் பெரியாறு தண்ணீர் 1895 முதல் இறங்கி வருவது இந்தக் கடைசி வழியில்தான். நெல், வாழை, திராட்சை என்று விளைவதும், ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பதும் அங்கேதான். ரயில் போவது போடிக்கு.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மூணாறு பக்கத்துத் தேயிலை அந்தக் காலத்தில் குட்டி ரயிலில் மலை மேலுள்ள டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து ரோப்வேயில் அடிவாரக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத்தான் வெளியே போனது. 1924 வெள்ளம் அந்தக் குட்டி ரயிலை அடித்துக்கொண்டு போனது. 1928இல் போடிக்கு ரயில் வந்தது. சரக்கு இருந்த இடத்துக்கு ரயில் போட்டார்கள், ஏலக்காய்ச் சந்தையும் அங்கேதான். நியாயம்தான். ஆனால் நூறு வருஷம் ஆகப்போகிறது. கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு தண்டவாளம்கூட நீளவில்லை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிக் குமுளி வழியாக இறக்கி, ஒருவழியாக்கித்தான் சமாளிக்கிறார்கள். புறவழிச்சாலைகள் வந்தது பெரிய உதவி. ஆனால் அவையும் ரோடுதான், ரயில் இல்லை.

வாரத்தில் மூன்று நாள் வரும் சென்னை வண்டியையும் சொல்ல வேண்டும். கரூர், திண்டுக்கல் வந்து, அங்கிருந்து மதுரை வரை தெற்கே இறங்கி, மறுபடி மேற்கே திரும்பித்தான் தேனிக்கு வரும். திண்டுக்கல்லிலிருந்து ரோட்டில் வந்தால் இதைவிட எவ்வளவோ கிட்ட. இருந்தாலும் படுத்துத் தூங்கிக்கொண்டு வரலாம் என்பதால் சென்னையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதைத்தான் பிடிக்கிறார்கள். எனக்கும் இதில் குறை இல்லை.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். தேனியில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் புது பஸ் ஸ்டாண்டு போய், கம்பம் பஸ் ஏறினால் உத்தமபாளையம் முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஆபீஸ் போய்ச் சேர மணி பதினொன்று ஆகிவிடும். மாலை வண்டியைப் பிடிக்க நாலரைக்கே எழுந்தாக வேண்டும். எந்த அதிகாரி விடுவார்? வீட்டை உத்தமபாளையத்திலேயே பாருங்கள், சின்னமனூர் ஆனாலும் சரி.

வேகம், கட்டணம், கணவாய்க் காற்று என்று நான் மேலே சொன்ன எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் இந்த ரயிலை நம்பி இந்த மாவட்டத்துக்குக் குடிவரச் சொல்லி யாரையும் கூப்பிட மாட்டேன். அதிகாலையில் தேனியிலிருந்து மதுரைக்கு ஒரு வண்டி விடட்டும், மாலையில் அதே வண்டி திரும்பட்டும். அன்றைக்கு வேறு மாதிரி எழுதுகிறேன்.