கல்மரம்: கையால் தேய்ப்பதா, உருளையில் இடுவதா?

திருவக்கரையிலும் சாத்தனூரிலும் உள்ள கல்மரங்கள், அதாவது கல்லாக மாறிய பழங்கால மரங்கள், பாதுகாக்கப்பட்டவை. அங்கிருந்து ஒரு சில்லும் எடுக்கலாகாது. பாளையங்கோட்டையில் என்னிடம் ஆலோசனை கேட்போர் வைத்திருப்பவை விலைக்கு வாங்கிய துண்டுகளே. அவற்றைப் பளபளப்பாக்க இரு வழிகள்: கையால் தேய்ப்பது, அல்லது சாணைப்பொடியோடு சுழலும் உருளையில் இட்டு உருட்டுவது.

செலவு: கையால் தேய்க்க 220 (சொரசொரப்பு) முதல் 3000 (மிக நைசு) எண் வரையிலான வாட்டர் பேப்பரும் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) மெருகுப்பொடியான சீரியம் ஆக்சைடு சிறிதும் போதும். உருளைக்கு மோட்டாரும் பல தரச் சாணைப்பொடியும் வேண்டும்.

காலம்: முன்னது தோள்வலி, பின்னது ஏறக்குறைய ஒரு மாதம் இரவும் பகலும் ஓடும் கடகடப்பு. சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் நம் தெருவீடுகளில் அதை அண்டைவீட்டார் பொறுப்பது அரிது.

எந்த முறையானாலும் நீர் விட்டே தேய்க்க வேண்டும். சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கழிவுச் சேற்றைச் சாக்கடைக் குழாயில் ஊற்றினால் இறுகி அடைத்துக்கொள்ளும்.

புகைப்படம்: உண்மையான வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. உருளையில் உருண்ட கல் சன்னலையும் கேமராவையும் நம் முகத்தையும் சேர்த்தே பிரதிபலிக்கிறது. கையால் தேய்த்த தட்டையான வெட்டுமுகத்தைச் சற்றே சாய்த்தால் பளபளப்பு விலகி, ஆண்டு வளையங்கள் தெளிவாக எழுகின்றன. நம் ஊர் உச்சிவெயில் வெள்ளைத் திட்டாக விழும் என்பதால், காலையில் சன்னலுக்கு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, கல்லுக்கு அடியில் கறுப்புத்துணி விரித்து எடுப்பதே என் வழக்கம்.

வளையம் தெரியும் வட்டத்துண்டுக்குக் கையே ஏற்றது. கைநிறையச் சிறு சில்லுகள் இருந்தால் மட்டும் உருளை வாங்குங்கள்.