இரண்டு டிராக்டர், பதினோரு வருடம், ஒரு ஓ-ரிங்

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியதும் மச்சானுக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது. தினம் ஒரு நோட்டீஸை போட்டோ எடுத்து அனுப்புகிறான். "மாமா, இது 1800 கிலோ தூக்குமாம், அது 1600தானாம், எதை வாங்கலாம்?" ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி மாளவில்லை. 2014 முதல் இரண்டு டிராக்டர் வைத்து நான் பட்டதை மொத்தமாக எழுதிவிடுகிறேன், அவனைப் போல யோசிக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

நாங்கள் இருப்பது பெங்களூர் சந்தாபுராவில். நிலம் ஆனேக்கல் தாலூக்கில், ஆறு ஏக்கர், பெரும்பகுதி மானாவாரி. கேழ்வரகு, நடுவில் அவரை, போர்வெல் தண்ணீர் எட்டுகிற இடத்தில் தக்காளியும் கொஞ்சம் ரோஜாவும். ஆறு ஏக்கருக்கு டிராக்டர் கட்டுப்படியாகாது. அக்கம்பக்கத்து நிலங்களுக்கு மணிக்கணக்கில் வாடகை உழவு ஓட்டுவதால்தான் சமாளிக்கிறோம். பெங்களூரில் ஏது உழவு என்று கேட்பவர்களுக்கு: லேஅவுட் கற்களுக்கு நடுவில் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

எனக்கு முன்னால் அப்பா ஓட்டியது எச்எம்டி. அவர் ஜாலஹள்ளி எச்எம்டி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். டிராக்டர் தயாரானதென்னவோ ஹரியானாவில் உள்ள பிஞ்சோரில், செக்கோஸ்லோவாகியாவின் ஜீட்டர் நுட்பத்தில். ஆனாலும் அப்பாவுக்கு அது "நம்ம கம்பெனி வண்டி". வேறு கம்பெனியைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்க முடியாது. அவர் காலத்துக்குப் பிறகு அந்த வண்டியைப் பக்கத்து ஊர்க்காரருக்கு விற்றேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

2014-இல் நான் வாங்கியது முழுக்க முழுக்க பிராண்டைப் பார்த்து. 45 குதிரைத்திறன் வகை. பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் குறை வண்டியில் இல்லை. ஆயில் பிரேக், கான்ஸ்டன்ட் மெஷ் கியர், பவர் ஸ்டியரிங். செம்மண்ணில், மண்ணைப் பொடியாக்கும் ரொட்டாவேட்டரைப் போட்டு ஓட்டினால் இன்ஜின் சத்தம் மாறாது. அப்பா இருந்திருந்தால்கூட ஒத்துக்கொண்டிருப்பார். டீலர் நகரத்துக்கு அந்தப் பக்கம், எங்கள் நிலத்திலிருந்து டிராபிக்கில் இரண்டு மணி நேரம். "நல்ல வண்டி சார், ரிப்பேரே வராது" என்று சொன்னார்கள். ரிப்பேரே வராத வண்டிக்கு டீலர் எங்கே இருந்தால் என்ன என்று நானும் நினைத்துவிட்டேன்.

2015 மே மாதம். கோடை மழை நன்றாகப் பெய்திருந்தது. எங்கள் செம்மண்ணைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: மழைக்கு மறுநாள் இறங்கினால் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், ஒரு வாரம் விட்டால் கலப்பை இறங்காது. நடுவில் கிடைப்பது மூன்று நாள், மிஞ்சினால் நான்கு. அந்த மூன்று நாளில்தான் எல்லோருக்கும் உழவு வேண்டும், அந்த மூன்று நாளில்தான் எனக்கு வாடகை வருமானமும். சரியாக அப்போது, கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் படுத்தது. கலப்பையைத் தூக்கினால் நிற்கவில்லை. மெல்ல மெல்ல இறங்கிவிடும். இன்ஜின் அருமையாக ஓடுகிறது, கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது, ஆனால் டிரெய்லர் இழுக்கத்தான் லாயக்கு.

டீலருக்குப் போன் செய்தேன். "நாளெ பர்த்தீனி சார்", நாளைக்கு வருகிறேன் என்று கன்னடத்தில் சொன்னார் மெக்கானிக். அந்த நாளை வர ஐந்து நாள் ஆனது. வந்து பார்த்துவிட்டு, லிஃப்ட் சிலிண்டரில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், ஓ-ரிங், போயிருக்கிறது, ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட வேண்டும் என்றார். நான் அவரிடமிருந்து பார்ட் நம்பரை வாங்கிக்கொண்டு, பெங்களூரில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். ஏழெட்டுக் கடை ஏறி இறங்கியதில் ஒரு பெரியவர் உள்ளே போய் எடுத்துவந்து போட்டார். இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், வெளியில் வாங்கிய சாமானைப் போட மாட்டோம் என்றார்கள். சரி, உள்ளூர் ஆளை வைத்து மாட்டிக்கொள்கிறேன் என்றால், வெளியாள் ஹைட்ராலிக்கைத் திறந்தால் வாரண்டி போச்சு என்றார்கள். ஒன்றரை வருடம்கூட ஆகாத வண்டி, துணிச்சல் வரவில்லை. பத்தொன்பது நாள் நின்றது. அந்த வருடம் என் நிலத்தையே வாடகை வண்டி வைத்து உழுதேன். வந்தவர் எங்கள் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உழுதார். அந்தப் பார்வைதான் இன்னும் மறக்கவில்லை. ஜே.சி. ரோட்டு ஓ-ரிங் இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது.

நடுவில் ஓசூர் யோசனையும் வந்தது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர், அதே கம்பெனியின் வேறொரு டீலர். அவர்கள் மரியாதையாகப் பேசினார்கள், டீ கொடுத்தார்கள். "எங்க கஸ்டமர் வண்டி பதினாலு நிக்குது அண்ணே, அது முடியட்டும்" என்றார்கள். எந்த டீலரிடமும் வாரண்டி சர்வீஸ் செய்துகொள்ளலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. மழைக்காலத்தில் எவரும் தாங்கள் விற்ற வண்டியைத்தான் முதலில் கவனிப்பார்கள், அதில் தப்புச் சொல்லவும் முடியாது. அங்கேயே வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். கர்நாடகப் பதிவு, ஏரியா பிரச்சினை என்று அவர்கள் ஆரம்பத்திலேயே ஆர்வம் காட்டவில்லை.

2019-இல் அதை விற்றபோது ஒன்று புரிந்தது. ஐந்து வருடம் ஓடிய வண்டிக்கு நான் எதிர்பார்த்ததைவிட நல்ல விலை, பார்த்த அன்றே அட்வான்ஸ். நல்ல பிராண்டுக்குக் கொடுத்த கூடுதல் பணத்தில் ஒரு பகுதி அங்கே திரும்பி வருகிறது. இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது வண்டியை டீலரைப் பார்த்து வாங்கினேன். 39 குதிரைத்திறன். ஷோரூம் நிலத்திலிருந்து பைக்கில் இருபது நிமிடம். வண்டி சுமார்தான். ஸ்டியரிங் கனம், அதிர்வு அதிகம், முதல் வருடமே முன்சக்கர ஹப் சீல் ஒழுகியது, 1,300 மணி நேரம் ஓடியதும் கிளட்ச் பிளேட் போனது, செல்ஃப் மோட்டார் இரண்டு முறை மக்கர் செய்தது. ஆனால் காலையில் போன் செய்தால் மத்தியானத்துக்குள் அந்த ஷோரூமின் மெக்கானிக் பையன் டூல் பையோடு வரப்பில் நிற்பான். 50 மணி நேர முதல் சர்வீஸை நிலத்துக்கே வந்து செய்தான். எங்கள் புழுதியில் ஏர் கிளீனரை எப்படிக் கழுவ வேண்டும் என்று என் டிரைவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான். முதல் வண்டிக்கு அதே சர்வீஸ், ஆயிலை மாற்றி ஜாப் கார்டில் கையெழுத்து வாங்கியதோடு முடிந்தது.

நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிற ஆள். முதல் வண்டி ஐந்து வருடத்தில் நான்கே முறை படுத்தது, நின்ற நாட்கள் 61. இரண்டாவது இதுவரை பதினேழு முறை படுத்திருக்கிறது, நின்ற நாட்கள் 26. என் மனைவி இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "பதினேழு தடவை ரிப்பேர் ஆன வண்டியை நல்ல வண்டின்னு சொல்ற ஒரே ஆள் நீங்கதான்" என்றாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் டீலரைப் பார்த்து வாங்கு என்று மச்சானுக்கு ஒரு வரியில் எழுதிப் போட்டிருப்பேன். ஆனால் 2022-இல் அந்த டீலர் கடையை மூடிவிட்டார். சுற்றிலும் நிலமெல்லாம் மனையாகிறது, டிராக்டர் யாருக்கு விற்பது என்று அவரும் பாவம் எத்தனை நாள் பார்ப்பார்? அந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். எந்த டீலரை நம்பி சுமாரான வண்டியை வாங்கினேனோ அவரே இல்லை. மிஞ்சியது வண்டி மட்டும்.

அப்போது என்னைக் காப்பாற்றியதை நான் வாங்கும்போது யோசிக்கவே இல்லை. அந்த டீலர் மும்முரமாக விற்றிருந்ததால் சுற்றுக் கிராமங்களில் அதே மாடல் பதினோரு வண்டி இருந்தது. பதினோரு வண்டி இருந்தால் ஒரு மெக்கானிக் பிழைக்கலாம். வேலை போன அந்தப் பையன் ஒரு புளியமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டான். கிளட்ச் பிளேட், ஃபில்டர், சீல் கிட் எல்லாம் இரண்டிரண்டு வாங்கி வைத்துக்கொண்டான். வாரண்டியும் அதற்குள் முடிந்திருந்ததால் யார் திறக்கலாம் என்ற சண்டையும் இல்லை.

அப்பாவின் எச்எம்டி கதையும் இதேதான். பிஞ்சோர் டிராக்டர் பிரிவை மூட 2016-இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. கம்பெனியே இல்லாத அந்த வண்டி பக்கத்து ஊரில் இன்றைக்கும் ஓடுகிறது. எளிய இன்ஜின், எதையும் லேத்தில் கடைந்து போட்டுவிடுகிறார்கள், அதன் காது மூக்கு தெரிந்த ஒரு கிழவர் உயிரோடு இருக்கிறார். ஸ்வராஜை மஹிந்திரா வாங்கியது, ஐஷர் டிராக்டர் சென்னை டாஃபேயிடம் போனது, எஸ்கார்ட்ஸ் இப்போது எஸ்கார்ட்ஸ் குபோட்டா. பெயரும் போர்டும் இப்படி மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. வண்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவன் பக்கத்தில் இருந்தால் போதும் என்பது என் கட்சி.

ஆகவே மச்சான், நோட்டீஸைக் கீழே போடு. உன் நிலத்தைச் சுற்றி ஒரு பத்துக் கிலோமீட்டரில் எந்த மாடல் எத்தனை ஓடுகிறது என்று எண்ணு. அதில் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு, எது நல்ல பிராண்ட் என்று தாராளமாகப் பார். ஷோரூமில் சேல்ஸ்மேனை விட்டுவிட்டுப் பின்பக்கம் ஒர்க் ஷாப்புக்குப் போ. அந்த மாடலின் கிளட்ச் பிளேட்டையும் லிஃப்ட் சீல் கிட்டையும் இப்போதே எடுத்துக் காட்டச் சொல். கம்ப்யூட்டரில் காட்டினால் கணக்கில் வராது, கையில் காட்ட வேண்டும். முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போ, அன்றைக்குத்தான் போன் எடுக்கிறார்களா என்பது தெரியும். ஐந்து வருடத்தில் விற்றுவிடும் எண்ணம் இருந்தால் மட்டும் பிராண்டுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடு. என்னைப் போல ஓடுகிற வரை ஓட்டுகிற ஆளாக இருந்தால் அது இரண்டாம்பட்சம்.

போன வாரம் புளியமரத்தடிக்குப் போயிருந்தேன். மச்சான் வாங்கப் போகிறான், நீ எதைச் சொல்கிறாய் என்று கேட்டேன். கையில் கிரீஸோடு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவனுக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "எது வேணா வாங்கலி சார். ஒரு மாசம் முன்னாடி மட்டும் சொல்லுங்க, புது வண்டின்னா ஸ்பேனர் வாங்கணும்."